செல்லாண்டிக்குத் தலை முளைத்த வருஷம்

செல்லாண்டிக்கு முப்பத்திரண்டாவது வயதில்தான் தலை முளைத்தது. அப்படிச் சொன்னவர் மருதைக் கங்காணி.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அறுபது எழுபது ஆட்களைத் தம் பெயரில் வைத்து வேலை வாங்கியவர் மருதைக் கங்காணி. செல்லாண்டியும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஆட்களில் ஒருவர்தான். கோப்பிச் செடிகள் பட்டுப்போனதையும், அவற்றைப் பிடுங்கிப் போட்ட குழிகளில் தேயிலை வந்ததையும் பார்த்தவர். கங்காணியிடம் பட்ட கடன் ஒருவழியாகத் தீர்ந்து, இனி இவன் யாருக்கும் பாக்கியில்லை என்று எழுதிய துண்டு கைக்கு வந்த மறுவாரமே, கூலிகள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்தார். தோட்டத்து எல்லைக்குக் கீழே, பதுளைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில், சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கடை போட்டார். மண் சுவர், மானாப்புல் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு கேத்தல். பின்பக்கம் அவரும் மனைவி பூவம்மாவும் படுக்க ஓர் அறை. கதவைத் திறந்தால் நமுனுகுல மலை தெரியும். முதல் நாள் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதியபோது இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் எத்தனையோ நல்ல நாட்களைப் பார்த்த பிறகும், அந்தக் காலைத் தூக்கத்தைப் போல ஒன்றை அனுபவித்ததில்லை என்று செல்லாண்டி சொல்வார்.

தை மாதத்தில் ஒருநாள் ஆராச்சி வந்தார். அந்தப் பகுதிக்குத் தலைவர் அவர், சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். பெஞ்சில் உட்கார்ந்து, குடையைச் சுவரில் சாத்திவைத்து, தேத்தண்ணியும் கித்துள் வெல்லமும் வாங்கிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"செல்லாண்டி, ஒங்க பேரு இப்ப நம்ம பக்கம் வந்திருக்கு. தலைவரி கட்ட வேணும். மார்ச் முடிய முன்ன."

"எந்த நெலத்துக்குங்க?" என்று கேட்டார் செல்லாண்டி.

ஆராச்சிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "நெலம் இல்ல. வரி."

"நெலம் இல்லாம என்ன வரிங்க? இந்த எடமே வாடகைக்கு. எனக்குச் சொந்தமா இங்க ஒரு சாண் மண்ணு கெடையாது. ஊர்ல ரெண்டு ஏக்கரா புஞ்சை இருக்கு. அதுக்குத் தீர்வை வருஷா வருஷம் அங்க கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அது இந்தியா. இது இலங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். நெலம் அங்க இருக்கு. தீர்வையும் அங்கதானே?"

ஆராச்சி கடைசி வெல்லத்துண்டை நாக்கில் போட்டுக்கொண்டார். இந்த மனிதனுக்கு விளக்கிச் சொல்லத் தம்மிடம் இருக்கிற தமிழ் போதாது என்று பட்டிருக்க வேண்டும். மார்ச் முடிய முன்ன என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செல்லாண்டிக்கு ஒரே பெருமை. "புதுசா கடை போட்டவன்தானே, கேட்டா குடுத்துருவான்னு பாத்திருக்காரு மனுசன்" என்று பூவம்மாவிடம் சொன்னார். அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த வண்டிக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அவர் அறிந்த வரி ஒன்றே ஒன்றுதான். அது மண்ணுக்குக் கட்டுவது. மண் இல்லாதவன் ராஜாவுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. முசிறிப் பக்கம் அவர் பிறந்த ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

மாலையில் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த மருதைக் கங்காணியிடமும் சொன்னார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஏண்டா, லயத்துல கெடந்த வரைக்கும் உனக்குத் தல இல்ல. கடையப் போட்ட, முளைச்சிருச்சு. இனிமே அதுக்கு வரி கட்டு!"

பிறகு அவர் விளக்கினார். இந்த நாட்டில் பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுவரை உள்ள ஒவ்வோர் ஆணும் வருஷத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும். செய்ய மனமில்லாதவன் அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். அதுதான் தலைவரி. இரண்டையும் செய்யாதவனுக்குக் கோர்ட்டு. கடல் தாண்டி அக்கரையிலிருந்து தோட்டத்துக்கு வந்த கூலியாளுக்கு மட்டும் விலக்கு உண்டு. லயத்தில் இருந்தவரை செல்லாண்டிக்கு இது தெரியவே நியாயமில்லை. லயத்திலிருந்து கடைக்கு இறங்கி வர ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தில்தான் இந்தத் தலை முளைத்திருந்தது.

செல்லாண்டிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒரு வரிக்குத்தான் போதும். அதுவும் ஊர்த் தீர்வைக்கென்று ஏற்கெனவே முடிந்து வைத்தது.

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருதைக் கங்காணி வருஷத்துக்கு ஒருமுறை, மாசி பங்குனி வாக்கில், ஆள் சேர்க்க அக்கரைக்குப் போவார். அவர் பொறுப்பில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முசிறி, துறையூர்ப் பக்கத்துக்காரர்கள். ஒரு காணி அரைக் காணி என்று எல்லோருக்கும் அங்கே ஏதாவது இருந்தது. தீர்வை கட்டாவிட்டால் மணியகாரர் நிலத்தை ஏலத்தில் விட்டுவிடுவார். அல்லது பங்காளி யாராவது கட்டிவிட்டுப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வான். அதனால் கங்காணி புறப்படும்போது ஒவ்வொருவரும் தம் தீர்வையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். எழுத்தறியாத சனம், யாருடைய முடிச்சு எது என்று துணியை வைத்துத்தான் அடையாளம். ஒருவர் மனைவியின் பழைய சேலைக் கரை, ஒருவர் வேட்டிக் கிழிசல், ஒருவர் பச்சைத் தலைப்பாகைத் துண்டு. கங்காணி அதே துணியில் அவரவர் நிலத்துத் தானியத்தை ஒரு பிடி முடிந்து திருப்பிக் கொண்டுவருவார். கம்போ, வரகோ, சோளமோ. தீர்வை போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வைகாசியில் அவர் திரும்பிய அன்று லயத்து வாசலில் உட்கார்ந்து சனங்கள் அந்த முடிச்சுகளை அவிழ்ப்பதைப் பார்த்தால், திருவிழா தோற்றுப்போகும். மணிகளை உள்ளங்கையில் வைத்து எண்ணெய்விளக்கில் பார்ப்பார்கள். இந்த வருஷம் பொக்கு, போன வருஷம் தேவலை என்பார்கள். எத்தனை குறை சொன்னாலும் மருதைக் கங்காணி ஒருவருடைய முடிச்சிலும் கைவைத்ததில்லை. அதை எதிரிகூட ஒத்துக்கொள்வான்.

செல்லாண்டியின் முடிச்சு சிவப்புக் கட்டம் போட்ட துணி. அவருடைய இரண்டு ஏக்கரில் வரகு விளையும். அதன் ஈசானி மூலையில்தான் அவருடைய அப்பாவைப் புதைத்திருந்தது. அண்ணன் பக்கத்து நிலத்தை உழுகிறவர். இந்த இரண்டு ஏக்கர் மேலும் அவருக்கு ஒரு கண்.

மாசி பிறந்ததும் செல்லாண்டி முடிச்சோடு கங்காணி வீட்டுக்குப் போனார். கங்காணி அதைத் தொடவில்லை.

"நீ இப்ப யாரோட ஆளு?" என்று கேட்டார்.

"யாரோட ஆளும் இல்லீங்க. துண்டு வாங்கிட்டேனே."

"என் ஆளுங்க முடிச்சத்தான் நான் தூக்கிட்டுப் போறேன். ஊர்ல கெடக்குறவன் முடிச்சையெல்லாம் தூக்க நான் என்ன பொதிமாடா?" சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு. ஆராச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லு, 'நான் மருதைக் கங்காணி ஆளு'ன்னு. நானும் ஆமான்னு சொல்றேன். பேரேட்டுல ஒம் பேரு எங்கிட்டயே இருக்கட்டும். தலவரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முடிச்சும் ஊருக்குப் போயிரும். கடைய பூவம்மா பாத்துக்கிடட்டும்."

"நான்?"

"நீ காலையில பெரட்டுக்கு வா. என் ஆளுன்னா வரத்தானே வேணும்?"

செல்லாண்டி முடிச்சை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் ஒரு வார்த்தைதானே, ஒரு வார்த்தைதானே என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அங்கே நிலம் நிற்கும். இங்கே கொம்பு ஊதும்போது ஓட வேண்டும். சொல்லாவிட்டால் காலைத் தூக்கம் மிஞ்சும். அப்பா படுத்திருக்கிற மூலை அண்ணன் பெயருக்குப் போய்விடும்.

பூவம்மாவிடம் சொன்னபோது அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்துப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, அந்த நெலத்த நான் பாத்ததுகூட இல்ல" என்றார். "அதனால விடவும் சொல்ல மாட்டேன், வைக்கவும் சொல்ல மாட்டேன். ஆனா கொம்பு ஊதுனதும் நீங்க எந்திரிச்சு ஓடுறதப் பாத்துக்கிட்டு என்னால இந்தக் கேத்தலத் தூக்க முடியாது. நீங்க ஓடுனா நானும் ஓடியாந்துருவேன். அப்பறம் கட ஏது?"

மறுநாள் ஆராச்சி வந்தபோது செல்லாண்டி சொன்னார்: "காசு இல்லீங்க. ஆறு நாள் வேலைக்கு வர்றேன்."

ஆராச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடை வைத்திருக்கிற ஒருவன் ரோட்டில் கல் சுமப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் பணம் கட்டித் தலையை மீட்டுக்கொள்பவர்கள். கல் சுமப்பது ஒன்றுமில்லாதவர்கள் வேலை.

பங்குனியில் வேலை தொடங்கியது. கடைக்குக் கீழே பாதை திரும்புகிற இடத்தில் மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கிப் பாதையை அறுத்துக்கொண்டு ஓடும். மார்கழி மழையில் அங்கே வண்டிகள் அச்சுவரை புதைந்துவிடும். மாடுகள் முழங்கால் மடிந்து நிற்கும். அங்கே ஒரு கல் மதகு கட்ட வேண்டும் என்று ரோட்டு வேலையைப் பார்க்கிற ஓவசியர் சொன்னார். அவர் கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த மனிதர். பேச்சு குறைவு, விசில் அதிகம். கூட்டத்தில் பள்ளத்து வயல்காரச் சிங்களவர் இரண்டு மூன்று பேர், பதுளைக் கடைத்தெருவிலிருந்து ஒரு நாவிதர், பிறகு இத்ரூஸ்.

இத்ரூஸ் துணிமூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி விற்கிறவர். அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பதுளையில் பிறந்து வளர்ந்தவர். செல்லாண்டியைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"அல்லாவே, செல்லாண்டியண்ணனா! மொதலாளிமாரும் வேலைக்கு வந்தாச்சு. இனி இந்த ரோட்டுக்கு என்ன குறை?"

"நீ ஏன்டா தம்பி வந்த? துணிக்காசு என்ன ஆச்சு?"

"எல்லாம் லயத்துல கடனா நடந்து திரியுது. ஒங்க லயத்துப் பொம்பளைகள் உடுத்தியிருக்கிறது பூராவும் என்ட தலைவரிதான்."

அந்த ஆறு நாட்களும் செல்லாண்டியின் மனசில் பிற்காலத்தில் ஆறு மாதம் போலப் பெருகிவிட்டன. உண்மையில் அது சுளுக்கும் கொப்புளமுமான வேலை. வாய்க்காலைத் தோண்டினார்கள்; மேட்டிலிருந்து கல்லை உருட்டி இறக்கினார்கள்; பக்கச் சுவர் எழுப்பினார்கள். இத்ரூஸின் உள்ளங்கைகள் இரண்டாம் நாளே பழுத்துவிட்டன. துணி அளந்த கை. வயல்காரர் ஒருவர் ஏதோ இலையைக் கசக்கி வைத்துக் கட்டிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. இத்ரூஸுக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். நாவிதர் இரண்டிலும் பொய் சொல்வார். யார் தலைக்கு எத்தனை கல் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே சுமந்தார்கள்.

முதல் நாள் மத்தியானம் பூவம்மா கேத்தலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். செல்லாண்டிக்கு மட்டும்தான் கொண்டுவந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய் எல்லோருக்கும் போட்டுக்கொண்டு வந்தார். காசு கேட்கவில்லை. நாவிதர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தங்கச்சி, இதுல தேத்தூள் போட மறந்துட்டீங்க" என்றார்.

"போட்டேன் அண்ணே. உங்க நாக்குத்தான் வர மறந்துருச்சு" என்றார் பூவம்மா.

லயத்தில் இருந்தபோது பூவம்மா ஆம்பிளைகள் கூட்டத்தில் வாய் திறந்து செல்லாண்டி கேட்டதில்லை. அவர் கல் சுமந்த அந்த நாட்களில் பூவம்மா தனியாகக் கடையை நடத்தினார், வண்டிக்காரர்களை அதட்டினார், கடன் சொன்னவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். பெஞ்சு பற்றாமல் சனங்கள் வெளியே கல்லில் உட்கார்ந்து குடித்தார்கள்.

கடைசி நாள், மதகின் மேலே வைக்கிற பெரிய பலகைக்கல் பாக்கி. மேட்டிலிருந்து அதை உருளைக் கட்டைகள்மேல் இறக்கிக் கொண்டுவந்து, வடம் போட்டு இழுத்து, பக்கச் சுவரில் ஒரு முனையை ஏற்றியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே மருதைக் கங்காணி. புது வேட்டி, புதுக் குடை, பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. பண்டாரவளைக்குப் போய் ரயிலேறி, கொழும்பில் கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்க வேண்டியவர். பெட்டியில் அத்தனை பேருடைய முடிச்சுகளும் இருந்தன.

"ரோட்ட விடுங்கடா, எனக்கு ரயில் போயிரும்."

"கல்லு ஒக்காரணும், கங்காணியாரே" என்றார் இத்ரூஸ். "அந்தரத்துல நிக்குது."

கங்காணி இறங்கி வந்து பார்த்தார். சேறும் வியர்வையுமாக வடத்தைப் பிடித்திருந்த செல்லாண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நையாண்டி பாதி. மீதி என்னவென்று செல்லாண்டிக்கு அப்போது தெரியவில்லை.

"பொண்டாட்டி கல்லாவுல, புருசன் கல்லுல. நல்ல குடித்தனம்டா" என்றார். பிறகு பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆறு நாள் செஞ்சது செஞ்சுட்ட, போகட்டும். அடுத்த வருசமும் இதே கல்லா? ஒரு வார்த்த சொல்லு. முடிச்ச எடு. பெட்டி தெறந்துதான் இருக்கு."

முடிச்சு செல்லாண்டியின் மடியில்தான் இருந்தது. ஆறு நாளும் அதைக் கட்டிக்கொண்டுதான் கல் சுமந்தார். குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தியது. கொடுத்துவிடலாம். கை வடத்தில் இருந்தது. வடத்தை விட்டால் கல் சரியும். ஓவசியர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே கடை வாசலில் பூவம்மா கேத்தலோடு நின்றார். அங்கிருந்து ஒரு சொல்லும் அவருக்குக் கேட்டிருக்காது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கங்காணியாரே" என்றார் செல்லாண்டி.

விசில் ஊதியது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கல் முனகிக்கொண்டு நகர்ந்து, ஒரு பக்கம் தொட்டு, மறுபக்கம் தொட்டு, உட்கார்ந்தது. கீழே ஓடை அதுபாட்டுக்குப் போனது.

செல்லாண்டி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டிய ஓட்டச் சொல்லுங்க. மதகு தாங்கும்."

கங்காணி புது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டியேறினார். அந்த மதகின்மேல் ஓடிய முதல் வண்டி அவருடையதுதான். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் சத்தம் திருப்பத்துக்கு அப்பாலும் கேட்டது.

எல்லோரும் கைகால் கழுவப் போன பிறகும் செல்லாண்டி அங்கேயே உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த முடிச்சை எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இத்ரூஸ் வந்து பக்கத்தில் குந்தி, என்னவென்று விசாரித்தார். செல்லாண்டி அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? தபால் கந்தோர்ல கட்டுங்கண்ணே. மணியார்டர். பஸார்ல எங்கட மொதலாளி காயல்பட்டணத்து வீட்டு வரிய அப்பிடித்தான் அனுப்புறாரு."

"துணியில முடியாம காசு எப்படிடா கடல் தாண்டும்?"

"காசு தாண்டாது. அது இங்கயே இரிக்கும். காகிதம்தான் போகும்."

"இங்க இருக்குற காசு, அங்க எப்படித் தீர்வையாகும்?"

இத்ரூஸ் நெற்றியைச் சொறிந்தார். "அது எனக்கும் வெளங்கல்ல. ஆனா ஆகுது."

மறுநாள் இருவரும் பதுளைக்கு நடந்து போய், செல்லாண்டியின் ஊர் மணியகாரர் பெயருக்குப் பணத்தை அனுப்பினார்கள். செல்லாண்டி வெறுந்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். முடிச்சு இல்லாத இடுப்பு லேசாக இருந்தது. அந்த லேசை நம்ப அவருக்குப் பயமாகவும் இருந்தது.

வைகாசியில் மருதைக் கங்காணி திரும்பினார். தோட்டத்துக்குப் போகிற வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒன் காகிதம் வர்றதுக்குள்ள ஒங்கண்ணன் கட்டிட்டான். பட்டாவும் அவன் பேருக்குப் போயிருச்சு. நான் போயி மணியகாரன்கிட்ட சத்தம் போட்டேன். கட்டுனவன் பேருக்குத்தான்னுட்டான். காசு ஒனக்கே திரும்பி வரும்."

செல்லாண்டி அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பூவம்மாதான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தார்.

கங்காணி தலைப்பாகையைக் கழற்றி அதன் முனையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி வரகு.

"ஒன் துணி எங்கிட்ட இல்ல. அதான் என் தலப்பாவுலயே முடிஞ்சுக்கிட்டேன். ஒங்கப்பன் மூலையில இருந்து எடுத்தது. அந்த எடத்த மட்டும் உழுகாதடான்னு ஒங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். கேப்பான்."

வரகைச் செல்லாண்டியின் கையில் கொட்டிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, பெஞ்சில் காசு வைத்தார். செல்லாண்டி பதறிப்போனார். தோட்டத்திலிருந்து கங்காணி எத்தனையோ தடவை இறங்கி வந்து குடித்திருக்கிறார், ஒருநாளும் காசு கொடுத்ததில்லை, செல்லாண்டியும் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்னங்க இது, உங்ககிட்டப் போயி..."

"வாங்கிக்கடா. நீ என் ஆளு இல்லையே" என்றார் மருதைக் கங்காணி.

அந்த ஒரு பிடி வரகைச் செல்லாண்டி மதகுக்குப் பக்கத்துக் கரையில் விதைத்தார். முழங்கால் உயரம் வளர்ந்தது. கதிர் வாங்குகிற நேரத்தில் ஒரு வண்டிக்காரனுடைய மாடுகள் ஒரே மத்தியானத்தில் மேய்ந்து முடித்துவிட்டன. வண்டிக்காரனைச் செல்லாண்டி அடிக்கப் போனதும், அவன் மதகைச் சுற்றிச் சுற்றி ஓடியதும் அந்தப் பாதையில் வெகுநாள் பேச்சாக இருந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்த பணத்தில் பூவம்மா ஒரு பெரிய செம்புக் கேத்தல் வாங்கினார்.

அதற்குப் பிறகு கடை நன்றாகவே நடந்தது. தலைவரியைக் கட்டிவிட்டு இருக்கலாம். ஆனால் செல்லாண்டி ஒரு வருஷமும் பணம் கட்டவில்லை. பங்குனி வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆறு நாளுக்குப் போய்விடுவார். இத்ரூஸ் பஸாரில் சொந்தக் கடை போட்டுப் பணம் கட்டுகிற ஆளாகிவிட்ட பிறகும், செல்லாண்டி போகிறார் என்றால் ஒருநாளாவது வெள்ளைச் சாரத்தோடு வந்து கல்லில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைக் கேலி பண்ணிவிட்டுப் போவார். மருதைக் கங்காணி காலமானபோது அவர் பாடை அந்த மதகு வழியாகத்தான் இறங்கியது. முன்கொம்பில் தோள் கொடுத்தவர் செல்லாண்டி. அன்றைக்கு யாரும் அவரை யாருடைய ஆள் என்று கேட்கவில்லை.

ஐம்பத்தைந்து வயது முடிந்த வருஷம் செல்லாண்டி வழக்கம்போல மண்வெட்டியோடு போய் நின்றார். அப்போதிருந்தவர் பழைய ஆராச்சியின் மகன். "நீங்க போகலாம் ஐயா, ஒங்க பேரு இனி இல்ல" என்றார். செல்லாண்டி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, கடைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, "தல போயிருச்சு புள்ள" என்றார். பூவம்மா பதறி ஓடிவந்தார்.

அதன்பிறகு சில வருஷங்களில் தலைவரியே இல்லாமல் போனது. பதுளைவரை ரயிலும் வந்துவிட்டது. பண்டாரவளை வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாதையில் இரவெல்லாம் கேட்கிற மாட்டுமணிச் சத்தம் போய், எப்போதாவது ஒரு லொறி உறுமிக்கொண்டு ஏறியது. வரியை எடுத்துவிட்ட செய்தியை இத்ரூஸ்தான் பஸாரிலிருந்து கொண்டுவந்தார். நரைத்த தாடியோடு, மூச்சு வாங்க ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செல்லாண்டியண்ணே, இனி எவனுக்கும் தலை இல்ல. எல்லாரும் ஒண்டுதான்."

கடையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு லொறி டிரைவர், அந்தப் பாதைக்குப் புதியவர், "எதுக்குத்தான் அந்த வரியக் கட்டுனீங்க? நெலமா, புலமா, ஒண்ணுக்கும் இல்லாத வரி!" என்று கேட்டார்.

செல்லாண்டி வாசலைப் பார்த்தார். வெளியே மார்கழி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஓடை செந்நிறமாகப் புரண்டு வந்து பாதையை நெருங்கி, மதகுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளிப்பட்டு வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பலகைக்கல்லின் மேல் நின்று, கால்மாற்றி ஒருதடவை மிதித்துப் பார்த்தார்.

"இவருக்கு இதே வேல" என்றார் பூவம்மா, டிரைவரிடம். "அங்க ரெண்டு ஏக்கராவ விட்டுட்டு, இங்க ரெண்டு முழக் கல்ல வாங்கிக்கிட்டவரு."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசை வைத்துவிட்டுப் போய் லொறியைக் கிளப்பினார். வண்டி திருப்பத்தில் வந்ததும் செல்லாண்டி ஓரமாக ஒதுங்கி நின்று, கையை வீசி, வா வா என்று காட்டினார்.

"ஓட்டுங்க தம்பி" என்று மழையில் கத்தினார். "தாங்கும்."